செவலை இன்னும் திரும்பவில்லை: ஒரு தறிக்குடும்பத்தின் ஓராண்டு

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம். எட்டு விசைத்தறி ஓடும் குடோன், அதை ஒட்டியே வீடு. நாற்பத்தைந்தைத் தாண்டிய தறிக்காரர், அவர் மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகள், தறிக்காரரின் அம்மா என்று நான்கு பேர். இவர்களோடு இருந்த செவலை என்கிற செம்மஞ்சள் நிறக் கடுவன் பூனை 2024 ஆடி மாதத்தில் காணாமல் போனது. அப்போது அதற்கு மூன்றரை வயது. இதை எழுதும்போது ஓராண்டு கடந்துவிட்டது. பூனை கிடைக்கவில்லை.

கிடைக்காத பூனைக்கு நிகழ்வு ஆய்வு எதற்கு? கிடைத்த கதைகளை யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை, அவை செல்போன் செல்போனாகத் தாமே பரவும். கால்நடை மருத்துவராக நான் பார்க்கிற வீடுகளில் பலவும் கிடைக்காத கதையோடுதான் இருக்கின்றன, அவர்களுக்கு என்ன சொல்வது என்று எவரும் எழுதுவதில்லை. இந்த வீட்டில் நான் கண்டது இதுதான்: பூனை வரும் என்ற நம்பிக்கை யாரையும் கெடுக்கவில்லை. நான்கு பேரும் அந்த நம்பிக்கையை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சுமந்ததுதான் கெடுத்தது.

அடையாளம் தெரியாமலிருக்க ஆட்களையும் ஊரையும் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பூனையின் பெயரை மாற்றவில்லை. காங்கேயம் மாடுகளை மயிலை, காரி, செவலை என்று நிறத்தால் சொல்கிற நாட்டில், ஊருக்கு நாலு பூனைக்காவது செவலை என்று பெயர் இருக்கும்.

குடோனில் பூனைக்கு வேலை

நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லிலிருந்து வருகிற பாவு நூலில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், கஞ்சி ஏறியிருக்கும். எலிக்கு அது தீனி. ஒரு ராத்திரி, பாவு சுற்றிய உருளையான பீமின் ஓரத்தைக் கரம்பிவிட்டால், அறுந்த இழைகளைப் பிணைத்து முடிப்பதற்குள் ஒரு நாள் ஓட்டம் போய்விடும். எலி மருந்து வைத்தால் செத்த எலியைக் கோழி கொத்தும், நாய் தின்னும். அதனால் இந்தப் பக்கத்தில் பூனை வளர்ப்பது பாசத்தில் தொடங்குவதில்லை. செவலையும் எலிக்காகத்தான் வந்தது.

பாசம் பிற்பாடு வந்தது. தறிக்காரர் இரவு ஓட்டத்தைத் தாமே பார்ப்பவர். நடுச்சாமத்தில் டீயை ஊற்றிக்கொண்டு குடோன் திண்ணையில் உட்காரும்போது பூனை மடியேறும். தறி ஓடுகிற இடத்தில் ஆட்கள் பேசிக்கொள்ள முடியாது, எல்லாம் கைஜாடைதான். அந்த வீட்டில் அவர் அதிகம் பேசியது பூனையோடுதான் என்று அவர் மனைவி பின்னால் என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

காணாமல் போவதற்குச் சில மாதம் முன்பு, சண்டையில் கடிபட்டுக் கன்னத்தில் சீழ் கட்டியதற்காகச் செவலையை என்னிடம் கொண்டுவந்தார்கள். அன்று எழுதிய சீட்டில் மூன்று அடையாளங்கள் இருந்தன: இடது காது நுனியில் ஒரு வெட்டு, வால் நுனியில் மடிப்பு, மேல்தாடையின் இடது கோரைப்பல் பாதி உடைந்தது. கருத்தடை செய்துவிடலாம் என்றேன். ‘சித்தெ பொறுத்துப் பாக்கலாமுங்க’ என்று பதில் வந்தது. கடுவன் பூனைக்குக் கருத்தடை என்றால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள், குறிப்பாக ஆண்கள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனால் அலைச்சலையும் சண்டையையும் குறைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

அன்று நடந்தது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்துக்கொண்டிருந்த நாள். காலையில் சாயம் போடாத காடா துணி பீஸ்களைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி சோமனூருக்கு அனுப்பினார்கள். மதியம் சைசிங் வண்டி வந்து புதுப் பாவை இறக்கிவிட்டுக் காலி பீம்களை ஏற்றிப் போனது. சாயங்காலம் செவலை தட்டுக்கு வரவில்லை. கடுவன் பூனை ரெண்டு நாள் மூன்று நாள் போய் வருவது வழக்கம் என்பதால் முதல் சில நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் போன பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள்.

தேடினார்கள் என்று பன்மையில் சொல்வது சரியில்லை. தறிக்காரர் தேடினார். நடுராத்திரியில் தறியை ஆளிடம் விட்டுவிட்டு மொபெட்டில் கிளம்பி, காரணம்பேட்டை, சூலூர், கருமத்தம்பட்டி என்று சுற்றி விடிவதற்கு முன் திரும்புவார். வீட்டில் சொல்லவில்லை. மனைவி என்னிடம் வந்தது கார்த்திகையில், கழிச்சலோடு ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு. மருந்து எழுதி முடித்த பிறகும் போகாமல் நின்றார்.

‘ஏனுங்க டாக்டருங்க, காணாமப் போன பூனை எத்தன மாசங் கழிச்சுத் திரும்பி வருமுங்க?’

வரும் என்று அவருக்குத் தோன்றுகிறதா என்று கேட்டேன்.

‘எனக்குத் தோணறது கெடக்கட்டுமுங்க. ரவைக்கு எந்திரிச்சு வண்டிய எடுத்துட்டுப் போயர்றாரு. கேட்டா தூக்கம் வரலீங்கறாரு. எங்க போறாருன்னு ஊரே என்னையக் கேக்குது.’

ஊர் என்ன நினைத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அவரும் அதையே நினைத்திருக்கிறார். ஒரு நாள் ராத்திரி வண்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே டார்ச்சும் ஒரு பொட்டலம் கருவாடும் இருந்திருக்கின்றன. கருவாட்டைப் பார்த்ததும்தான் உயிர் வந்ததாகச் சொன்னார்.

எங்கே போயிருக்க முடியும்

அடுத்த வாரம் தறிக்காரரே வந்தார். ‘ஆம்பள ஒருத்தன் பூனையத் தேடீட்டுத் திரியறான்னு சிரிப்பாங்கல்லங்க’ என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். நோயாளியை வைத்துக்கொண்டு இது இதுவாக இருக்கலாம் என்று எழுதுவதுபோல, அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாக எழுதினோம்.

இணைதேடி அலைந்து போயிருக்கலாம். கருத்தடை செய்யாத கடுவனுக்கு இது எப்போதும் பொருந்தும். அடிபட்டோ கடிபட்டோ பக்கத்திலேயே ஒளிந்திருந்து செத்திருக்கலாம். காயம்பட்ட பூனை வீட்டுக்கு ஓடி வருவதைவிட இருட்டான இடத்தில் சத்தமில்லாமல் முடங்குவதுதான் அதிகம். பூட்டிய அறை, மூடிய குடோன், கைவிட்ட கிணறு ஆகியவற்றில் சிக்கியிருக்கலாம். நாய்க்கூட்டத்தையும் தள்ள முடியாது. வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் பட்டி ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதை 2024, 2025 செய்திகளில் எல்லோரும் பார்த்தோம். ஆட்டையே சாய்க்கிற கூட்டத்துக்குத் தனிப்பூனை எம்மாத்திரம். கடைசியாக, வண்டி. அன்று ரெண்டு வண்டி வந்து போயிருக்கிறது. துணிக்கட்டுக்கு நடுவில் தூங்கிய பூனை தெரியாமல் ஊர் தாண்டிப் போவது நான் கேள்விப்படாத விஷயமில்லை.

யாராவது பிடித்துப் போயிருப்பார்கள் என்பது அவருடைய அம்மாவின் முடிவு. அதையும் எழுதிக்கொண்டேன். பாதிப்பல் உடைந்த, காது கிழிந்த சண்டைக்காரக் கடுவனை விரும்பித் திருடுகிறவரை நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

இங்கே ஓர் ஆய்வு உதவியது. காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் கேட்டு 2018இல் வெளியானது. ஏழு நாளுக்குள் உயிரோடு கிடைத்தவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஓராண்டுக்குள் கிடைத்தவை 61 சதவீதம். தொண்ணூறு நாளுக்குப் பிறகு உயிரோடு கிடைத்தவை மிகக் குறைவு. கிடைத்தவற்றில் நான்கில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தன. நடந்து போய் நேரில் தேடியவர்களுக்குப் பலன் அதிகம்.

வேலி போட்ட வீடுகளும் விலங்குக் காப்பகங்களும் உள்ள நாடுகளின் கணக்கை அப்படியே நம்மூருக்குப் பொருத்த முடியாது. தொண்ணூறு நாள் எல்லை இங்கே கொஞ்சம் நீளலாம் என்பது என் ஊகம். காரணம் தீனி. கறிக்கோழிக்குக் கொள்முதல் விலையை அறிவிக்கும் குழுவே பல்லடத்தில்தான் இருக்கிறது, அவ்வளவு பண்ணைகள். பண்ணை ஓரத்துச் செத்த கோழி, சாலையோரக் கறிக்கடைக் கழிவு, குடோன் எலி என்று ஒரு கடுவன் யார் கையையும் பார்க்காமல் வயிறு வளர்க்க முடியும். ஆனால் 500 மீட்டர் என்கிற எண் தறிக்காரரைத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதம் அவர் பெட்ரோல் போட்டுச் சுற்றியது எல்லாமே அதற்கு வெளியே. சொந்த வீட்டைச் சுற்றி, வேலிகளுக்கு இடையே ஓடும் மண்தடங்களான இட்டேரிகளையும் கிளுவை வேலிகளையும், பக்கத்தில் பூட்டிக் கிடந்த ரெண்டு குடோன்களையும் அவர் முறையாகப் பார்த்ததே இல்லை. பக்கத்துக் குடோனைத் திறந்து காட்டச் சொன்னால் எதற்கு என்று கேட்பார்களே. தெரியாத ஊரில் நடுராத்திரியில் தேடினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் காது

பேசும்போது அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து எழுதியபடி கேட்ட கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. விசைத்தறிக் குடோனின் சத்தம் தொண்ணூறு டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். வருடக்கணக்கில் அதற்குள் நிற்பவர்களுக்கு முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டார ஒலிகள், பிறகு மெல்ல மெல்ல மற்றவை. வேலிக்குள்ளிருந்து வருகிற தீனமான ‘மியாவ்’, ஆடிக்காற்றும் சேர்ந்துகொண்டால், இப்படிப்பட்ட காதுக்கு எட்டுவது சிரமம்.

பூனை விஷயம் நேரெதிர். அதன் கேள்திறன் 60,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகிறது. தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்து அறியும் என்று 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர் கூப்பிட்டது அதற்குக் கேட்டிருக்கலாம். அது பதில் சொல்லியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொன்னேன். இத்தனை ராத்திரியும் வீண் என்று அவர் இடிந்துபோகக்கூடும். அப்படி நடக்கவில்லை. ‘அப்ப புள்ளையக் கூட்டீட்டுப் போனா அவளுக்குக் கேக்குமுங்களா?’ என்றார். முதன்முதலாகத் தேடலுக்குள் இன்னொருவர் வந்தது அந்தக் கேள்வியில்தான்.

வீட்டுக்குள் நான்கு தேடல்

மகள் ஏற்கெனவே தனியாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். தோழிகளின் வாட்ஸப் குழுக்களில் செவலையின் படத்தைப் போட்டு, தன் எண்ணைக் கொடுத்து, பத்தாயிரம் ரூபாய் பரிசு என்றும் அறிவித்திருந்தாள். பணம் எங்கிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. அழைப்புகள் வந்தன. ‘பூனை எங்கிட்ட இருக்கு, வண்டி வாடகையை மட்டும் செல்லுல போட்டு விடு’ என்றார் ஒருவர். எந்தக் காதில் வெட்டு இருக்கிறது என்று கேட்டதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பதினாறு வயதில் அவளுக்கிருந்த நிதானம் பல பெரியவர்களிடம் இல்லை. அடையாளத்தை நாம் சொல்லக் கூடாது, எதிராளியைச் சொல்ல வைக்க வேண்டும். செம்மஞ்சள் நிறப் பூனைகளில் ஐந்தில் நான்கு ஆண்தான், அந்த நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால். எனவே ‘செவலைக் கடுவன்’ என்று சொல்லி யார் எதைக் காட்டினாலும் தூரத்தில் பொருந்தத்தான் செய்யும்.

பாட்டி, அதாவது அந்தப் பெண்ணின் ஆத்தா, கோயிலில் பூக் கேட்டிருந்தார். வெள்ளைப் பூ வந்தது, அதாவது வரும் என்று உத்தரவு. அத்தோடு நிற்காமல் ஆனைமலை மாசாணியம்மனுக்குப் போய் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூச வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். பொருளைத் திருடியவனுக்கு உடம்பு எரிந்து கொண்டுவந்து கொடுத்துவிடுவான் என்பது நம்பிக்கை. மருமகள் தடுத்துவிட்டார்: ‘பூனை தானாப் போயிருந்தா அந்த மொளகா யாரு மேலீங்கத்தை எரியும்?’ இதற்கு மாமியாரிடம் பதில் இல்லை. ஆனால் அதன் பிறகு ரெண்டு பேருக்கும் பேச்சும் இல்லை.

மருமகள் செய்தது செவலையின் தட்டைக் கழுவி அட்டாலியில், அதாவது பரணில், போட்டது. கணவர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. மாமியார் வேறொரு தட்டில் தினமும் ராத்திரி சோறும் கருவாடும் வைத்தார், பேரன்பும் பிடிவாதமும் சரிபாதியாக. காலையில் தட்டு காலியாக இருக்கும். செவலை ராத்திரி வந்து தின்றுவிட்டுப் போகிறது, மருமகளுக்குப் பயந்துதான் வீட்டுக்குள் வருவதில்லை என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

போரில் காணாமல் போன அமெரிக்கச் சிப்பாய்களின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்த பாலின் பாஸ் என்ற உளவியல் அறிஞர், உடலும் கிடைக்காமல் ஆளும் திரும்பாமல் இருக்கிற இழப்பு மற்ற இழப்புகளைப் போலக் காலத்தால் ஆறுவதில்லை என்று கண்டார். செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது துரோகமாகத் தெரியும். இருக்கிறது என்று வாழ்வது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வீட்டில் ஒருவர் ஒரு கரையிலும் இன்னொருவர் மறுகரையிலும் நிற்க, சண்டை வரும். அவருடைய வழி, ரெண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பழகுவது: வராமலே போகலாம், வரவும் செய்யலாம். மனிதர்களை இழந்தவர்களோடு பூனையை இழந்தவரை நான் சமமாக வைக்கவில்லை. ஆனால் துக்கத்துக்கு ஊர் அங்கீகாரம் கிடைக்காதபோது அது எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதை இந்த வீட்டில் நேரில் பார்த்தேன். மாடு செத்தால் ஊரே வந்து விசாரிக்கும். பூனைக்கு யார் வருவார்கள்?

செய்துகொண்ட ஏற்பாடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நேரத்தில் நான்கு பேரையும் குடோனிலேயே உட்கார வைத்துப் பேசினோம். பூனை உயிரோடு இருக்கிறதா என்கிற கேள்வியை யாரும் எடுக்கக் கூடாது என்பது மட்டும் நான் போட்ட நிபந்தனை. அதை விட்டால் பேச நிறைய இருந்தது.

ராத்திரியில் தனியாகப் போவதில்லை என்று தறிக்காரர் ஒப்புக்கொண்டார். ஞாயிறு விடிகாலையிலும், மாதாந்திர மின் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளிலும் மகளோடு போவது. ஊரில் எல்லாத் தறியும் நிற்கிற நேரங்கள் அவை, காதால் தேட வேறு பொழுது கிடையாது. இருட்டிருக்கும்போது டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து வேலியோரம் ஓட்டினால் பூனையின் கண் பளிச்சென்று திருப்பி மின்னும். பூட்டிய குடோன்காரர்களிடம் மனைவி கேட்பது என்று முடிவானது. எலி தொல்லை என்று சொல்லிச் சாவி வாங்கினார், பொய்யும் இல்லை. பரிசுத் தொகை அறிவிப்பை எடுத்துவிட்டார்கள்.

வந்தால் என்ன செய்வது என்றும் ஒரு தாளில் எழுதி குடோன் சுவரில் ஒட்டினோம். இதைப் பலர் செய்வதில்லை. வெறுங்கையால் பாய்ந்து பிடிக்கக் கூடாது. மாதக்கணக்கில் வெளியில் இருந்த பூனை வளர்த்தவரையே பீறும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எலும்பும் தோலுமாக வந்தால் ஒரேயடியாகத் தீனி போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக. பிறகு தனி அறையில் வைத்து என்னைக் கூப்பிட வேண்டும். அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தறிக்காரர் ரொம்ப நேரம் நின்றார். வந்தால் என்று எழுதியிருப்பதே போதுமாயிருந்ததோ என்னவோ.

தட்டு விஷயம் மிச்சம். தரையில் வைத்த கருவாடு நாய்களைத்தான் வரவழைக்கும், நாய் மோப்பம் இருக்கிற இடத்துக்குப் பூனை வராது என்று சொல்லி மதில் மேல் வைக்கச் சொன்னேன். திண்ணைக்கு ஒரு கேமரா மாட்டலாம் என்றாள் மகள். பொங்கலுக்கு முன் மாட்டினார்கள். முதல் வாரத்திலேயே விடை வந்துவிட்டது. மதிலேறித் தட்டைக் காலி செய்தது ஒரு மரநாய்.

பாட்டிக்குக் காட்டுவதா? மகள் வேண்டாம் என்றாள். காட்டுங்கள் என்றேன். அவர் நம்பிக்கையைத் தட்டிவிட அல்ல. அந்தக் காலித் தட்டை வைத்து மருமகளைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார், அது நிற்க வேண்டும். பாட்டி செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து முழுவதும் பார்த்தார். ‘இது இப்பத்தானே வருது. இதுக்கு முந்தி என்ற செவலைதான் தின்னுட்டுப் போயிருக்கும்’ என்றார். கேமரா மாட்டுவதற்கு முந்தைய மாதங்களைப் பற்றிக் கேமரா எதுவும் சொல்லாதுதானே. தர்க்கத்தில் பிழை சொல்ல எனக்கு வழியில்லை. மருமகள் பேரில் சொன்ன பழியை மட்டும் அத்தோடு விட்டுவிட்டார்.

தறிகள் நின்ற மாதம்

2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத்து விசைத்தறியாளர்கள் தறிகளை நிறுத்தினார்கள். போராட்டம் ஏப்ரலிலும் நீண்டது. வருமானம் இல்லை, வேலை இல்லை. தறிக்காரரின் பழைய ராத்திரிகள் திரும்பிவிடுமோ என்று மனைவி பயந்தார். தூக்கம் ஏற்கெனவே மோசம். அதற்கு முந்தைய மாதம் அரைத்தூக்கத்தில், ஓடுகிற தறி நாடாவுக்கு (ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டைக்கு) எதிரே கையை நீட்டியிருக்கிறார், விரல் தப்பியது. மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றால் ‘எனக்கென்ன பைத்தியமுங்களா’ என்பவரிடம், 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுத்தேன். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு உதவி எண், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. பூனைக்காகப் பேசினாரா கூலிக்காகப் பேசினாரா என்று நான் கேட்கவில்லை. பேசினேன் என்றார். தூக்கம் கொஞ்சம் திரும்பியது.

அந்த வேலைநிறுத்தம் தேடலுக்கு ஒன்று செய்தது. சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு அமைதியை அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பல நாள் தொடர்ந்து காலையும் மாலையும் 500 மீட்டர் வட்டத்தை அப்பாவும் மகளும் கட்டம் கட்டமாக நடந்தார்கள். பூட்டிய ரெண்டாவது குடோனின் பின்புறம், அட்டிப் போட்ட பழைய பீம்களுக்கு அடியில், ஒரு பூனையின் எலும்பும் கொஞ்சம் முடியும் கிடந்தன. முடி செம்பட்டை.

சாக்குப் பையில் கட்டி என்னிடம் கொண்டுவந்தார்கள். யாரும் உட்காரவில்லை. முடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வெயிலில் கிடந்தால் கறுப்பு முடியும் செம்பட்டையாக வெளுக்கும். மண்டையோட்டைக் கழுவிப் பார்த்தேன். மேல் கோரைப்பற்கள் ரெண்டும் முழுசாக இருந்தன. செவலையின் சீட்டை எடுத்துக் காட்டினேன்: மேல் இடது, பாதி உடைந்தது. உடைந்த பல் வளராது. கால் எலும்புகளின் முனைகளும் இன்னும் கூடியிருக்கவில்லை, இது வளர்ந்து முடியாத இளம்பூனை. செவலை இல்லை.

மனைவிதான் முதலில் அழுதார், அட்டாலியில் தட்டைப் போட்டவர். எலும்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்த் தோட்டத்து மூலையில் புதைத்தார்கள், யாருடைய பூனை என்றே தெரியாமல்.

இன்னொரு பூனை

போராட்டம் முடிந்து தறி ஓடத் தொடங்கியதும் எலி தன் கணக்கைத் தீர்த்தது. புதுப் பாவில் ரெண்டு பீம் பாழ். முன்பு மனைவி தன் அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்த குட்டியைத் தறிக்காரர் திருப்பி அனுப்பியிருந்தார். இந்த முறை அவரே போய்க் கேட்டார். செவலைக்குப் பதிலாக என்று யாரும் சொல்லாதபடி பார்த்துக்கொண்டார், ‘வேலைக்கு ஆள் போட்ட மாதிரிதானுங்க’ என்றார். துக்கத்திலிருக்கிறவரிடம் இன்னொன்றை வாங்கிக்கொள் என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: எலி சொன்னபோதுதான் அவர் கேட்டார், நாம் சொன்னபோது கேட்கவில்லை.

புதுக்குட்டி பொட்டை, கறுப்பு வெள்ளை. ஆறாம் மாதத்தில் கருத்தடை முடிந்தது, இந்த முறை பொறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. கழுத்துப் பட்டை வேண்டாம் என்றேன், ஓடுகிற தறியில் மாட்டிக்கொள்ளும். பதினைந்து இலக்க மைக்ரோசிப் போடலாம், ஆனால் அதைப் படிக்கும் கருவி சுற்றுவட்டாரத்தில் சில மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. அதனால் ரெண்டு பக்கமும், முகமும், வாலும், வாயைத் திறந்து பல்லும் படமெடுத்து நான்கு பேர் செல்போனிலும் வைத்திருக்கிறார்கள்.

ஓட்டுநர் சொன்னது

2025 ஆடி முடியும்போது, சைசிங் வண்டி ஓட்டும் பையன் வேலையை விட்டுப் போவதற்கு முன் குடோனுக்கு வந்து ஒன்று சொன்னான். போன வருடம் அன்றைக்குக் காலி பீம்களோடு போனபோது, கருமத்தம்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியிருக்கிறான். தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது உள்ளிருந்து ஒரு செவலைப் பூனை குதித்து, சாலையைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் ஓடியிருக்கிறது. தன் மேல் பழி வருமோ என்று இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஃபோன் செய்த தறிக்காரர் ஓட்டுநரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ‘குதிச்சு ஓடுச்சுன்னு சொல்றாப்லீங்க. அப்ப காலு நல்லாத்தான் இருந்திருக்குது’ என்றார். ஒரு வருடமாக அவர் கண்ணில் நின்றது கிணறும் நாய்க்கூட்டமும்.

தூரம் கடினம். தாய்ப்பூனை ஒன்று சில மைல் தூரத்திலிருந்து குட்டிகளைத் தேடித் திரும்பியதை 1922இல் அமெரிக்க விலங்கியலாளர் ஃபிரான்சிஸ் ஹெரிக் பதிவு செய்திருக்கிறார். ஆனால் நெடுஞ்சாலைகளைக் கடந்து ஒரு கடுவன் வருமென்று நான் உறுதி தர முடியாது, தரவும் இல்லை. அங்கேயே ஏதாவது பண்ணையில் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம் என்றேன். டீக்கடையிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலும் படத்தைக் கொடுத்து வருவது, அங்கே ராத்திரி தங்குவதில்லை என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள்.

மனைவியும் மகளும் பஸ்ஸில் போய் வந்தார்கள். ஒரு கோழிப்பண்ணைக்காரர் மட்டும், செவலைப் பூனை ஒன்று தீவன அறைப் பக்கம் வருவதுண்டு, காது கிழிந்தது என்று சொல்லியிருக்கிறார். எந்தக் காது என்று மகள் கேட்டாள். கவனித்ததில்லை, அடுத்த தடவை பார்த்துப் படமெடுத்து அனுப்புகிறேன் என்றாராம். தறிக்காரர் அன்று கூடப் போகவில்லை. தீபாவளி ஆர்டருக்குப் பாவு ஏற்ற வேண்டியிருந்தது.